நாயோட காது ரிப்போர்ட்ல எல்லாம் ரெசிஸ்டன்ட்னு வந்திருக்கு, இதவிட பவரான ஊசி இருக்கா டாக்டர்?

கேள்வி: எங்க லேப்ரடாருக்கு 6 வயசு. எட்டு மாசமா வலது காதுல மட்டும் சீழ், ஒரே நாத்தம். மூணு தடவ சொட்டு மருந்து மாத்தியாச்சு, போட்டா குறையுது விட்டா திரும்ப வந்துடுது. இப்ப சீழ எடுத்து கிருமிய வளத்து பாக்குற கல்ச்சர் டெஸ்ட்ல சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா வந்து, பாதிக்கு மேல மருந்துக்கு ரெசிஸ்டன்ட்னு போட்டிருக்காங்க. இதவிட பவரான ஊசி இருக்கா? வீட்ல சின்ன பசங்க வேற இருக்காங்க.

பதில்: ரிப்போர்ட்ட பாத்து மனசு விட்டுடாதீங்க. லேப்ல ரெசிஸ்டன்ட்னு, அதாவது மருந்துக்கு கிருமி அடங்காதுன்னு எழுதுறது, அந்த மருந்து மாத்திரையாவோ ஊசியாவோ போனா ரத்தம் வழியா எவ்ளோ போய் சேரும்ங்கற கணக்க வச்சுதான், காதுல நேரா ஊத்துற மருந்துல அதவிட நூறு மடங்கு ஆயிரம் மடங்கு கூட இருக்கும், அதனால ரிப்போர்ட்ல ரெசிஸ்டன்ட்னு இருக்கற மருந்தே சில சமயம் சொட்டா போட்டா வேலை செய்யும். ஊசி போட நான் இப்போதைக்கு சொல்லவே மாட்டேன், காதுக்குள்ள கொஞ்சம்தான் போய் சேரும். அமாக்சிசிலின், செஃபலெக்சின் மாதிரி ஆன்டிபயாடிக் எல்லாம் சூடோமோனாஸ் மேல இயல்பாவே வேலை செய்யாது, அதெல்லாம் ரெசிஸ்டன்ட்னு இருந்தா அது புது சேதியே இல்ல.

பெரும்பாலும் மருந்து தோக்குறது எங்கன்னா, இந்த கிருமி தன்ன சுத்தி கொழகொழன்னு ஒரு படலம் கட்டிக்கும், பயோஃபில்ம்னு சொல்லுவோம், நாயோட காது குழாய் வேற கீழ போய் மடங்கி உள்ள போறதால அடியில தேங்குற சீழ் வெளிய வராது, நீங்க மேல ஊத்துற மருந்து அதத்தாண்டி இறங்கவே இறங்காது. பாலிமிக்சின் மாதிரி மருந்து சீழ்ல பட்டாலே சக்தி போயிடும். அதனால முதல்ல மயக்கம் குடுத்து காத நல்லா கழுவணும், அப்பவே செவிப்பறை கிழிஞ்சிருக்கான்னு பாத்துடுவாங்க, கிழிஞ்சிருந்தா ஜென்டாமைசின் வகை மருந்தெல்லாம் கேக்குற சக்தியையே கெடுத்துடலாம். குழாய் வீங்கி அடைச்சிருந்தா கொஞ்ச நாள் ஸ்டீராய்டு தேவப்படும்.

வீட்ல பண்றதுக்கு ட்ரிஸ் ஈடிடிஏ கலந்த காது கழுவுற மருந்த பத்தி உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. அது கிருமியோட வெளிச்சுவர இளக்கிவிடும், ஊத்தி 15லேருந்து 30 நிமிஷம் கழிச்சு ஆன்டிபயாடிக் போட்டா உள்ள பூந்து வேலை செய்யும். இன்னொண்ணு, லேப்ரடார் காதுக்கு ரெண்டு சொட்டெல்லாம் பத்தாது, எத்தன எம்எல்னு கேட்டு அளந்து ஊத்துங்க. நாத்தம் போச்சுன்னு நீங்களா நிறுத்தவே நிறுத்தாதீங்க, மைக்ரோஸ்கோப்ல பாத்து கிருமி இல்லன்னு சொன்னப்புறம்தான். பழைய பாட்டில்ல மிச்சம் இருக்குன்னு அத ஊத்தறதும் பட்ஸ் விட்டு நோண்டறதும் தயவுசெஞ்சு வேண்டாம்.

நீங்க எழுதினதுல எனக்கு உறுத்துறது ஒண்ணுதான், வலது காது மட்டும்ங்கறது. அலர்ஜின்னா பெரும்பாலும் ரெண்டு காதும் சேந்து கெடும், ஒத்த காதுன்னா உள்ள புல் விதை எதாவது மாட்டிருக்கா, சதை வளந்திருக்கா, கட்டியான்னு கழுவும்போதே பாக்க சொல்லுங்க, அது அங்க இருக்கற வரைக்கும் எந்த மருந்து போட்டாலும் திரும்ப வரும்.

பசங்கள பத்தி பயப்பட வேண்டாம், ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு இதனால தொந்தரவு வர்றது ரொம்ப குறைவு. காத தொட்டா சோப்பு போட்டு கை கழுவணும், அவ்ளோதான். வீட்ல யாராவது புற்றுநோய் சிகிச்சையில இருந்தா மட்டும் அவங்கள காது சுத்தம் பண்ற வேலைல விடாதீங்க.

தலைய ஒரு பக்கமா சாய்ச்சே வச்சிருந்தாலோ, தள்ளாடி நடந்தாலோ, வாய் தொறக்க வலியில கத்தினாலோ நோய் நடுக்காதுக்கோ உள்காதுக்கோ போயிருக்கலாம், அன்னைக்கே கூட்டிட்டு போங்க.