தத்துக் கொடுத்த நாயைத் திரும்பப் பெற முடியுமா?

உங்கள் நாயைத் தத்தெடுத்தவர் தத்து ஒப்பந்தத்தை மீறி அதை வேறொருவரிடம் கொடுக்கப் பார்க்கிறார், மொட்டை மாடியில் நாள் முழுக்கக் கட்டிப்போடுகிறார் என்கிறீர்கள். நாயைத் திருப்பித் தரும்படி தாராளமாகக் கேட்கலாம்.

முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். இந்தியச் சட்டத்தில் வளர்ப்பு நாய் ஓர் அசையும் சொத்து. கேட்கவே வருத்தமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிலை. "நிபந்தனையை மீறினால் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதியிருந்தால் உங்கள் பக்கம் வலு அதிகம்.

வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். பல விஷயங்கள் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டப்படி நாயையே திருப்பிக் கேட்கலாம். கைமாற்றாமல் இருக்க இடைக்காலத் தடையும் கேளுங்கள், அதுதான் அவசரம். நஷ்ட ஈடு மட்டும் கேட்டால் நாய் வராது.

சோறு, தண்ணீர் தராததும் அளவுக்கு மீறிக் கட்டிப்போடுவதும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். படங்களோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். முதல் குற்றத்துக்கு அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய்தான், வெட்கக்கேடு. ஆனால் உரிமையாளர் தண்டிக்கப்பட்டால், மீண்டும் கொடுமை நடக்கும் என்று கருதும் நீதிமன்றம் விலங்கை அவரிடமிருந்து பறிக்கலாம்.

நீங்களே சுவரேறிக் குதித்துத் தூக்கி வந்துவிடாதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பும்.