செல்போனும் எந்திரமும் மனிதர்களைப் பிரித்துவிட்டனவா?

வீட்டில் நாலு பேரும் நாலு ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் இப்படிக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் நான் பர்மாவின் யாங்கோனிலிருந்து, அதாவது பழைய ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்தது வேறு.

எங்களை இங்கே கொண்டுவந்ததே தொழில்தான். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசி ஐரோப்பாவுக்குப் போவது சுலபமானது. ஐராவதி ஆற்று டெல்டாவில் வயலும் ஆலையும் பெருகின. செட்டியார்கள் கடன் கொடுக்க வந்தார்கள், எங்களைப் போன்றவர்கள் கூலிக்கு வந்தோம். என் கொள்ளுத்தாத்தா சிரியத்தில், அதாவது இன்றைய தன்லியினில், ஒரு நெல் ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளினார். தாத்தாவுக்கும் அதே வேலை. ஆலைச் சங்கு ஊதினால்தான் வீட்டில் உலை வைப்பார்களாம்.

1964 மார்ச்சில் இங்கே ராணுவ ஆட்சியாளர்கள் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். மே மாதம் 50, 100 கியாட் (பர்மா நாணயம்) நோட்டுகள் செல்லாது என்றார்கள். மாமாவின் மளிகைக்கடை போயிற்று. அடுத்த வருடம் அத்தையும் மாமாவும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அத்தை காதில் தோடுகூட இல்லாமல் போனதாக அப்பா சொல்வார். தாத்தா ஆலையை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டார். அப்பாவுக்கு அப்போது 12 வயது. கொஞ்ச காலம் கடிதம் வந்தது. அப்புறம் அவர்கள் வீடு மாறினார்கள், நாங்களும் மாறினோம், கடிதம் நின்றுபோயிற்று.

2010 வாக்கில் இங்கே ஒரு சிம் கார்டு சுமார் 15 லட்சம் கியாட். அப்பாவின் இரண்டு வருடச் சம்பளம் முழுவதும் போட்டாலும் பத்தாது. தெருவோரம் மேசை போட்டு லேண்ட்லைன் வைத்திருப்பார்கள், அதில்தான் நிமிடக் கணக்கில் பேசுவோம். 2014-ல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்ததும் அதே சிம் 1500 கியாட்டுக்குக் கிடைத்தது.

மறு வருடம் என் மகள் அத்தையின் பழைய கல்யாணப் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டாள். நாற்பது நாள் கழித்து தஞ்சாவூரிலிருந்து ஒரு பையன் எழுதினான்: "இது எங்க பாட்டி." அன்று இரவே வீடியோ கால். அப்பாவுக்குப் பழக்கமில்லை, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார். அத்தைக்குத் தெரிந்தது அந்தக் காது மட்டும். "டேய், அப்பாவோட காது மாதிரியே இருக்குடா" என்று அத்தை அழுத சத்தம் இங்கே எல்லோருக்கும் கேட்டது. அப்பா "அக்கா, சாப்பிட்டியா" என்றார். ஐம்பது வருடம் கழித்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கம்பெனிகளுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது எழுதுவீர்கள். இல்லை. இங்குள்ள முஸ்லிம் சிறுபான்மையினரான ரொஹிங்கியாக்கள் மீதான வெறுப்பு பரவியதில் சமூக ஊடகத்துக்குப் பங்கு உண்டு என்று 2018-ல் ஐ.நா. உண்மை அறியும் குழு சொன்னது. அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் வெறும் கெடுதல் என்று முடித்துவிடாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் நான் எது எழுதினாலும் "பர்மாவில் இன்னும் தமிழர்கள் இருக்கிறார்களா?" என்று யாராவது கேட்கிறார்கள். இருக்கிறோம். தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாமல், கோயில் மண்டபத்தில் மாலை நேரத்தில் பாய் விரித்து அ, ஆ படித்துத்தான் என் மகள் தமிழ் எழுதக் கற்றாள். அந்தக் கேள்வி அவளுக்கு வலிக்கிறது.

ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபின், 2021 மார்ச் நடுவில் இங்கே மொபைல் இணையம் நிறுத்தப்பட்டது. வீட்டில் வேறு இணைப்பு கிடையாது. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, சட்டை மாற்றிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார். "வராதுப்பா" என்று சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இணையம் திரும்பியது. இப்போதும் அவர் ஃபோனைக் காதில்தான் வைக்கிறார். அத்தை அதை மாற்றச் சொன்னதே இல்லை.