பி.பிளான் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா. உங்கள் மகளைப் பி.பிளானில், அதாவது நகரத் திட்டமிடல் பட்டப் படிப்பில், சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பி.ஆர்க் (கட்டடக் கலைப் படிப்பு) சீட் கிடைக்காதவர்கள்தான் பி.பிளான் பக்கம் போவார்கள் என்று உறவினர்கள் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை நம்ப வேண்டாம். ஆர்க்கிடெக்ட், அதாவது கட்டடக் கலைஞர், கட்டடத்தை வடிவமைக்கிறார். அந்த இடத்தில் கட்டடம் வரலாமா, வந்தால் சாலையும் குடிநீரும் வடிகாலும் தாங்குமா என்று பார்ப்பது நகரத் திட்டமிடுபவரின் வேலை. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கச் சுருங்க, சுற்றியுள்ள பகுதிகள் மழைக்குத் தத்தளிப்பதைப் பார்க்கிறோமே, இந்தப் படிப்பின் அவசியம் அங்கேதான் தெரிகிறது.

உங்கள் மகளுக்கு வரையத் தெரியாதே என்ற கவலை தேவையில்லை. ஜேஇஇ மெயின் என்ற தேசிய நுழைவுத் தேர்வில் பி.ஆர்க்குக்கு 2ஏ தாள், பி.பிளானுக்கு 2பி தாள். ஓவியப் பகுதி 2ஏ-வில்தான் உண்டு. 2பி-யில் கணிதம், திறனறிவு, திட்டமிடல் சார்ந்த கேள்விகள் வரும். பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்பிஏ (திட்டமிடல், கட்டடக் கலைக்கான மத்திய அரசு கல்வி நிறுவனம்) நிறுவனங்களை முதலில் குறிவையுங்கள். நம் பிள்ளைகளுக்கு விஜயவாடா பக்கம்தான்.

நாலு வருஷமும் வகுப்பறையில் உட்கார்ந்தே போகாது. ஒரு பகுதிக்குப் போய் வீடு வீடாக விசாரித்து, வீட்டு மனைக்கு மஞ்சள், கடைக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா என்று நிலப் பயன்பாட்டு வரைபடம் தயாரிக்க வேண்டும். அப்புறம் புள்ளிவிவரம், ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தகவல்களைக் கையாளும் முறை), போக்குவரத்துக் கணக்கெடுப்பு, சட்டம் எல்லாம் படிக்க வேண்டும். வெயிலில் அலையவும் முன்பின் தெரியாதவர்களிடம் பேசவும் அவள் தயாரா? மதிப்பெண்ணைவிட எனக்கு இந்தக் கேள்விதான் பெரிது.

சரி, வேலை. சென்னையில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் என்று அரசுப் பக்கம் வழி இருக்கிறது. ஆனால் அரசு அறிவிப்பு வரும்வரை வீட்டில் காத்திருக்க விடாதீர்கள். மாஸ்டர் பிளான் (ஒரு நகரத்தின் நீண்ட கால வளர்ச்சித் திட்டம்), போக்குவரத்து ஆய்வு செய்யும் தனியார் ஆலோசனை நிறுவனங்களில் சேரலாம். தொடக்கச் சம்பளம் ஐடி அளவுக்கு இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எம்.பிளான் என்ற முதுகலைப் படிப்பை முடித்தால் நிலைமை நன்றாகவே மாறும். அதில் சேர உதவும் கேட் (GATE) தேர்வின் ஆர்க்கிடெக்சர், பிளானிங் தாளை மூன்றாம் ஆண்டிலிருந்தே அவள் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

சிவில் இன்ஜினியரிங் எடுத்துவிட்டு எம்.பிளானுக்கு வரவும் வழி உண்டு. அவள் மனம் இன்னும் ஊசலாடினால் அதையே எடுங்கள். இரண்டு கதவும் திறந்திருக்கும். முடிவுக்கு முன், சிஎம்டிஏ இணையதளத்தில் இரண்டாம் மாஸ்டர் பிளானைத் திறந்து, உங்கள் பகுதியின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை அவளிடம் காட்டுங்கள். அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தால் எனக்கு எழுதுங்கள், 2பி தயாரிப்பைப் பற்றிப் பேசுவோம்.