செல்லப்பிராணிகளை மறுமையில் காண்போமா? ஒரு கேள்வி பதில்

கேள்வி: போதகர் ஐயா, குட்டியாக வந்து எங்கள் வீட்டிலேயே கிழடாகிப்போன நாய் சென்ற மாதம் இறந்துவிட்டது. இரவு ஜெபத்துக்குப் பாய் விரித்ததும் அதுவும் வந்து ஓரமாகப் படுத்துக்கொள்ளும். ஆமென் சொன்னதும் எழுந்து வாசலுக்குப் போய்விடும். சபையில் ஒருவர், "ஆத்துமா இல்லாத பிராணிக்காக இப்படியா அழுவார்கள்?" என்று கேட்டுவிட்டார். அதை மறுபடி காண்பேன் என்று நம்புவது தவறா?

பதில்: தவறில்லை, சகோதரி. முதலில் உங்கள் கண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாவீதின் பாவத்தை உணர்த்த வந்த நாத்தான் தீர்க்கதரிசி, ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னார். அந்தக் குட்டி அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்திலே குடித்து, அவன் மடியிலே படுத்துக்கொண்டு, அவனுக்கு ஒரு மகளைப்போல இருந்தது என்று 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரம் கூறுகிறது. அதை ஒரு செல்வந்தன் பறித்துச் சமைத்துவிட்டான் என்று கேட்ட அரசன் தாவீது, ஓர் ஆட்டுக்குட்டிக்காகவா இத்தனை பேச்சு என்று கேட்கவில்லை, கோபத்தில் கொதித்தெழுந்தான். பிராணியிடம் வைக்கும் பாசம் எத்தகையது என்பதை வேதாகமம் நன்றாக அறிந்திருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாம் அறிக்கையிடும் விசுவாசப்பிரமாணங்கள் எதுவும் விலங்குகளுக்கு மறுமை உண்டென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஆகவே இதை ஒரு கோட்பாடாக உங்களுக்குத் தர எனக்கு அதிகாரமில்லை. ஆனால் நம்பிக்கையாகத் தருவதற்கு வேதத்தில் வலுவான ஆதாரம் உண்டு. ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் பவுல், சிருஷ்டியானது அழிவுக்குரிய அடிமைத்தனத்தினின்று விடுதலையாக்கப்பட்டு, தேவனுடைய பிள்ளைகளுக்குரிய மகிமையான சுயாதீனத்தைப் பெற்றுக்கொள்ளும் என்று எழுதுகிறார். தவிப்பது சர்வ சிருஷ்டியும் என்றால், விடுதலை மட்டும் மனிதரோடு நின்றுவிடும் என்று அந்த வசனத்தை வாசிக்க என்னால் இயலவில்லை.

கேள்வி: மனிதனுக்கு அழியாத ஆத்துமா உண்டு, மிருகத்துக்கு இல்லை என்றுதானே ஞாயிறு பள்ளியிலிருந்து படித்திருக்கிறோம்? ஆத்துமா இல்லாதது எப்படிப் பரலோகம் போகும்?

பதில்: இந்த எண்ணத்தை மிகத் தெளிவாக வாதிட்டவர் 1274-இல் மறைந்த இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ். விலங்குக்கும் உயிர்த்தத்துவமாகிய ஆன்மா உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் பார்ப்பது, கேட்பது, ஆசைப்படுவது என அதன் செயல்கள் எல்லாமே உடலைச் சார்ந்தவை. ஆகவே உடல் அழியும்போது அதுவும் அழிகிறது. மனித அறிவோ உடலைச் சாராமல் செயல்பட வல்லது. ஆகவே மனித ஆன்மா நிலைக்கிறது. இதுவே அவர் வாதம். புதுப்பிக்கப்பட்ட உலகில் விலங்குகளும் தாவரங்களும் இரா என்ற முடிவும் அவர் பெயரிலான தொகுப்பில் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக மேற்கத்திய சபைகளில் இக்கருத்தே ஓங்கியிருந்தது.

அவருடைய வாதத்தை அப்படியே ஒப்புக்கொண்டாலும் நம் நம்பிக்கை குலைந்துவிடாது என்பதே என் பதில். ஏனென்றால், மனிதருக்கான கிறிஸ்தவ நம்பிக்கையே, நம்முள் அழியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பதன்மேல் கட்டப்பட்டதன்று. தேவன் ஒருவரே சாவாமையுள்ளவர் என்று 1 தீமோத்தேயு 6:16 சொல்கிறது. நாம் மரிக்கிறோம், உண்மையாகவே மரிக்கிறோம்; நம்மை எழுப்புகிறவர் அவர். கல்லறையிலிருந்து நம்மை எழுப்புவது அவருடைய வல்லமையும் உண்மையுமே என்றால், அதே வல்லமை ஒரு நாயையோ பசுவையோ எழுப்ப இயலாது என்று யாரால் சொல்ல முடியும்? மிருகத்தின் தகுதி என்ன என்பதை நாம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தாம் படைத்ததைக் கடவுள் கைவிடுவாரா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

வேதாகமத்தின் பிரசங்கி நூலை எழுதியவரும் இந்த இடத்தில் நிதானம் காட்டுகிறார். ஜீவன்களுக்கெல்லாம் ஒரே சுவாசமுண்டு என்று சொன்ன பிறகு, உயர ஏறும் மனுஷனுடைய ஆவியையும், தாழப் பூமியிலிறங்கும் மிருகங்களுடைய ஆவியையும் அறிகிறவன் யார் என்று கேட்கிறார். அவர் கேள்வியாக விட்டதை நாம் ஏன் தீர்ப்பாக்க வேண்டும்?

கேள்வி: நாய்களும் மோட்சம் போகும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னதாக ஒரு செய்தியைப் பார்த்தேன். கத்தோலிக்கர்களாகிய நாங்கள் அதை நம்பலாமா?

பதில்: அந்தச் செய்தி பிழையானது. 2014 நவம்பரில் தம் பொது மறைக்கல்வி உரையில் திருத்தந்தை பிரான்சிஸ் புதிய படைப்பைப் பற்றிப் பேசினார். நாயை இழந்த ஒரு சிறுவனுக்கு ஆறுதலாகத் திருத்தந்தை ஆறாம் பவுல் சொன்னதாக வழங்கிவந்த ஒரு வாக்கியம் அந்த உரையோடு இணைத்து எழுதப்பட்டது. பிறகு அது பிரான்சிஸ் வாயிலேயே வைக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. செய்தியை வெளியிட்ட இதழ்கள் பின்னர் திருத்தம் போட்டன.

ஆனால் அவர் உண்மையாகவே எழுதியது அதைவிட ஆழமானது. 2015-இல் வெளிவந்த 'லவுதாத்தோ சீ' என்ற சுற்றுமடலின் (திருத்தந்தையின் போதனைக் கடிதம்) 243-ஆம் பத்தியில், நிலைவாழ்வு என்பது எல்லாரும் பகிரும் வியப்பாக இருக்கும் என்றும், அங்கே ஒவ்வொரு படைப்பும் ஒளிமிக்கதாக உருமாறித் தன் இடத்தைப் பெறும் என்றும், விடுதலை பெற்ற ஏழைகளுக்குக் கொடுக்க அவற்றிடமும் ஏதேனும் இருக்கும் என்றும் கூறுகிறார். சுற்றுமடலுக்குத் திருச்சபையில் உள்ள எடை உங்களுக்குத் தெரியும். உங்கள் வளர்ப்பு நாயின் பெயரைச் சொல்லி அது எந்த வாக்குறுதியும் தரவில்லை. ஆனாலும் கதவை அடைக்கவில்லை, அகலத் திறந்தே வைத்திருக்கிறது. கத்தோலிக்க வேதாகமத்தில் தோபித்து ஆகமம் உங்களுக்கு உண்டல்லவா? இளைஞன் தோபியாவும் வானதூதர் ரபேலும் புறப்படும்போது நாயும் கூடவே போகிறது, திரும்பும்போதும் கூடவே வருகிறது. கதைக்கு அந்த நாயால் ஆகும் காரியம் எதுவுமில்லை. இருந்தும் அது எழுதப்பட்டிருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும்.

கேள்வி: எங்கள் சீர்திருத்த சபைகளின் தலைவர்கள் இதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா, இல்லை இது கத்தோலிக்கர் பேச்சு மட்டுமா?

பதில்: சொல்லியிருக்கிறார்கள், தெளிவாகவே. மெதடிஸ்ட் இயக்கத்தின் ஸ்தாபகர் ஜான் வெஸ்லி 1781-இல் ரோமர் 8-ஐ வைத்து ஒரு முழுப் பிரசங்கத்தையே இதற்காக எழுதினார். விலங்குகள் தாங்கள் இழந்த வலிமையையும் ஆனந்தத்தையும் திரும்பப் பெறும் என்பதோடு அவர் நிற்கவில்லை. கடவுள் அவற்றை இன்னும் மேலான நிலைக்கு உயர்த்தி, தம்மை அறியவும் நேசிக்கவும் கூடியவையாக ஆக்கினால் அதை யார் தடுப்பது என்றும் கேட்கிறார். குதிரையில் ஊர் ஊராகச் சென்று பிரசங்கித்த மனிதர் அவர். வண்டிக் குதிரைகளும் சுமை மாடுகளும் அடிபடுவதைத் தெருவில் கண்டவர். அவை இங்கே பட்ட துன்பத்துக்கு அங்கே ஈடு கிடைக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி.

சீர்திருத்தத் தலைவர்களில் ஒருவரான ஜான் கால்வின் வேறு விதமான மனிதர். ரோமர் நிருபத்துக்கு எழுதிய விளக்கவுரையில், படைப்புகள் தங்கள் தங்கள் தன்மைக்கேற்ப மேலான நிலையில் பங்குபெறும் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் எல்லா மிருக வகைகளும் சாவாமை பெறுமா என்று துருவிக்கொண்டே போவது நிதானமற்ற செயல் என்று நிறுத்திவிடுகிறார். வெஸ்லியின் பக்கமே என் மனம் சாய்கிறது. இருந்தாலும், விவரங்களைக் கற்பனை செய்து அதைச் சத்தியம் என்று போதிக்கும் நிலை வரும்போது கால்வினின் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

கேள்வி: வெளிப்படுத்தின விசேஷம் 22:15-இல் நாய்கள் புறம்பே இருக்கும் என்று எழுதியிருக்கிறதே?

பதில்: அந்தப் பட்டியலில் நாய்களோடு இருப்பவர்கள் சூனியக்காரரும் கொலைபாதகரும் பொய்யரும். அங்கே நாய்கள் என்று சொல்லப்படுவது மனிதரையே. பிலிப்பியர் 3:2-இல் நாய்களுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்று பவுல் எழுதுவதும் அவ்வாறே. நான்கு கால் பிராணிக்கு எதிரான தீர்ப்பு அதில் இல்லை.

கேள்வி: செல்லப்பிராணிக்கு மட்டும்தான் இந்த நம்பிக்கையா? நாம் சமைத்துச் சாப்பிடும் கோழிக்கும் ஆட்டுக்கும் என்ன பதில்?

பதில்: இந்தக் கேள்வியைத் தவிர்க்க நான் விரும்பவில்லை. கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940-இல் துன்பத்தைப் பற்றி எழுதிய நூலில், மனிதரோடு வாழும் வளர்ப்புப் பிராணி தன் எஜமானின் அன்பினால்தான் ஒருவகைத் தனித்தன்மையை அடைகிறது என்றும், ஆகவே எஜமானோடு சேர்ந்தே அதற்கு மறுமை கிடைக்கலாம் என்றும் யூகித்தார். அழகான யூகம்தான், எனினும் என்னால் அதை முழுமையாக ஏற்க முடியவில்லை. யாரும் நேசிக்காத தெருநாய்க்கு அதில் இடமில்லை.

இயேசு காட்டிய உதாரணமோ யாரும் வளர்க்காத பறவை. ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள் என்று மத்தேயு விலை சொல்கிறார். இரண்டு காசுக்கு ஐந்து என்று லூக்கா சொல்கிறார். நான்கு வாங்கினால் ஐந்தாவது கொசுறு. கொசுறாகப் போட்ட அந்த ஐந்தாவது குருவியும் தேவனால் மறக்கப்படுவதில்லை என்கிறார் ஆண்டவர். அதுவும் சாப்பாட்டுக்காகச் சந்தைக்கு வந்த குருவி என்பதைக் கவனியுங்கள். ஆகவே, உங்கள் குழம்புச் சட்டிக்குப் போன கோழியையும் கடவுள் அறிவார். இறைச்சி உண்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஜலப்பிரளயத்துக்குப் பின் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் ஆதியில் மனிதருக்கும் மிருகங்களுக்கும் பூண்டும் கனியுமே ஆகாரமாகக் கொடுக்கப்பட்டன. ஏசாயா 11 காட்டும் முடிவிலும் சிங்கம் மாட்டைப்போல் வைக்கோல் தின்னும். இரண்டாம் நூற்றாண்டிலேயே ஆதிச் சபையின் ஆயர் ஐரேனியஸ் இந்தத் தரிசனத்தை உருவகமாக மட்டும் கொள்ள மறுத்து, விலங்குகளே அப்படி மாறும் என்று எழுதினார். இன்றைய நம் உணவுப் பழக்கம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்துக்குரியது.

கேள்வி: புற்றுநோய் முற்றி எங்கள் பூனை தண்ணீர்கூட இறங்காமல் துடித்தது. கால்நடை மருத்துவர் சொன்னபடி ஊசி போட்டுவிட்டோம். நான்தான் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுமை உண்டென்றால், அது என்னைக் குற்றவாளியாகப் பார்க்குமோ என்று தூக்கமே வருவதில்லை.

பதில்: அம்மா, தன் மிருகஜீவனின் உயிரைப் பற்றி நீதிமானுக்குக் கவலை உண்டு என்பது நீதிமொழிகள் 12:10-இன் கருத்து. அந்தக் கவலையோடு, மருத்துவர் கைவிட்ட நிலையில், வேதனையை முடித்துவைக்க நீங்கள் எடுத்த முடிவு அது. பூனை கடைசியாக அறிந்தது உங்கள் கையின் சூட்டைத்தான். குற்றஞ்சாட்டுதலும் பழைய கணக்கும் புதிய வானம் புதிய பூமியில் இல்லை. இனி மரணமுமில்லை, துக்கமுமில்லை என்பது அங்கே நுழையும் எல்லா உயிருக்கும் பொருந்தும் வாக்கு. உங்களுக்கும் பூனைக்கும் இடையே மன்னிக்க வேண்டியது எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கேள்வி: கிறிஸ்து மனிதனாகப் பிறந்து மனிதருக்காகத்தானே மரித்தார்? மிருகத்தையும் மீட்பில் சேர்ப்பது சிலுவையின் மதிப்பைக் குறைப்பதாகாதா?

பதில்: கொலோசெயர் 1:20, சிலுவையில் சிந்திய இரத்தத்தினாலே பூலோகத்திலும் பரலோகத்திலும் உள்ளவைகள் எல்லாவற்றையும் தமக்கு ஒப்புரவாக்கியதாகச் சொல்கிறது. சிலுவையின் எல்லையைப் பவுல் இத்தனை விரிவாக வரைந்திருக்கையில், அதைச் சுருக்குவதுதான் அதன் மதிப்பைக் குறைப்பதாகும். விலங்குகள் பாவம் செய்யவில்லை, ஆகவே மனந்திரும்பவும் வேண்டியதில்லை. நம் பாவத்தின் விளைவைச் சுமந்தவை என்ற வகையிலேயே அவை மீட்பில் பங்குபெறுகின்றன.

கேள்வி: விலங்குக்கும் மறுமை என்று போதித்தால், இங்கே அவற்றை எப்படி நடத்தினாலும் பரவாயில்லை, அங்கே சரியாகிவிடும் என்று மக்கள் நினைக்க மாட்டார்களா?

பதில்: நல்ல கேள்வி, தம்பி. ஹம்ஃப்ரி பிரிமாட் என்ற ஆங்கிலிக்கன் குரு, வெஸ்லியின் பிரசங்கத்துக்கு ஐந்தாண்டு முன்பு 1776-இல், இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்கினார். மனிதன் இங்கே படும் அநியாயத்துக்கு மறுமையில் ஈடு உண்டு. மிருகத்துக்கு அப்படி ஒரு மறுமை இல்லை என்றால், அதற்கு இழைக்கும் கொடுமை ஈடுசெய்யவே முடியாத அநியாயம் ஆகிறது என்றார். ஒருவர் மறுமை உண்டு என்றார், மற்றவர் இல்லை என்று வைத்து வாதிட்டார். இரக்கம் காட்ட வேண்டும் என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. 1824-இல் லண்டனில் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கக் காரணமாக இருந்த ஆர்தர் புரூமும் ஒரு குருவே; பிரிமாட்டின் நூலை மறுபடி பதிப்பித்தவரும் அவர்தான்.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. அவளுடைய முயல் இறந்துவிட்டது. வானவில் பாலத்தில் காத்திருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருக்கிறார். நான் என்ன சொல்வது?

பதில்: இறந்த செல்லப்பிராணிகள் தங்கள் எஜமானருக்காகக் காத்திருக்கும் இடமாகச் சொல்லப்படும் வானவில் பாலம் வேதத்தில் இல்லை, ஆனால் வானவில் இருக்கிறது. ஆதியாகமம் 9-இல் கடவுள் அதை நோவாவோடு மட்டுமல்ல, பேழையிலிருந்து வெளிவந்த சகல ஜீவஜந்துக்களோடும் செய்த உடன்படிக்கையின் அடையாளமாக வைத்தார். குழந்தைக்கு அந்தக் கதையையே சொல்லுங்கள். முயல் இறந்துவிட்டது என்பதை மறைக்க வேண்டாம். தூங்குகிறது என்றும் சொல்ல வேண்டாம், குழந்தை தூங்கவே பயப்படும். இயேசு அதை மறக்க மாட்டார், அவர் எல்லாவற்றையும் புதிதாக்கும்போது இதையும் நினைப்பார் என்று நம்புகிறோம் என்று சொன்னால் போதும்.

கேள்வி: நாயைத் தோட்டத்தில் புதைத்தோம். அங்கே ஜெபம் செய்யலாமா? போதகரை அழைத்தால் தவறாக நினைப்பாரோ?

பதில்: தாராளமாகச் செய்யலாம். உயிரோடிருக்கும் பிராணிகளை ஆசீர்வதிப்பது சபைக்குப் புதிதல்ல. அசிசியின் புனித பிரான்சிஸ் நாளான அக்டோபர் 4-ஐ ஒட்டிப் பல நாடுகளில் ஆலய வளாகத்துக்கே நாய்களையும் பூனைகளையும் கொண்டுவருகிறார்கள். நம் பகுதிகளிலும் வனத்து அந்தோணியார் ஆலயங்கள் சிலவற்றில் ஜனவரி 17 திருவிழாவையொட்டி மாடுகளை மந்திரிக்கும் வழக்கம் உண்டு. இறந்த பிராணிக்கென்று பெரும்பாலான சபைகளின் ஆராதனைப் புத்தகத்தில் முறைமை கிடையாது. மனிதருக்கான அடக்க ஆராதனையை அப்படியே எடுத்து வாசிக்காதீர்கள். அதன் ஜெபங்கள் பாவமன்னிப்பையும் விசுவாசத்தையும் பற்றியவை. சங்கீதம் 104-இல் 24 முதல் 30 வரை வாசியுங்கள். அவைகளின் சுவாசத்தை வாங்கிக்கொள்ள மாண்டு மண்ணுக்குத் திரும்பும் என்பதும், உம்முடைய ஆவியை அனுப்பும்போது சிருஷ்டிக்கப்படும் என்பதும் அடுத்தடுத்து வருகின்றன. பிறகு அந்த நாயின் பெயரைச் சொல்லி, அது உங்களுக்குக் கொடுக்கப்பட்டதற்காக நன்றி செலுத்தி, படைத்தவர் கையில் ஒப்புக்கொடுங்கள். போதகர் வந்தால் நல்லது. வராவிட்டாலும் வீட்டில் மூத்தவர் ஒருவர் இதை நடத்தலாம்.