வேகம் கூட்டும் செயலிக்குக் காசு கொடுக்கலாமா? ரூட் செய்த போன் வைத்திருப்போர் கேள்விகள்

கேள்வி: நான்கு வருடம் பழைய ஆண்ட்ராய்டு போன், ரூட் செய்தது (சிஸ்டம் கோப்புகளையும் மாற்றும் முழு உரிமை பெற்றது). கேம் ஆடினால் முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் திணறுகிறது. பிராசசர் வேகத்தைக் கூட்டித் தரும் என்று ஒரு கட்டணச் செயலி கண்ணில் பட்டது. வாங்கலாமா?

வேகம் கூடும் என்று நம்பி வாங்காதீர்கள். ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல், அதாவது வன்பொருளை நேரடியாக இயக்கும் மையப் பகுதி. அது பிராசசர் வேகத்துக்கென்று சில சின்னக் கோப்புகளை வைத்திருக்கிறது. அவற்றில் ஓர் எண்ணை எழுதினால் வேக வரம்பு மாறும். இந்தச் செயலிகள் எல்லாம் செய்வது அந்த எண்ணை எழுதும் வேலையைத்தான். எந்தெந்த எண் செல்லும் என்பது கெர்னலிடம் இருக்கும் வேகப் பட்டியலைப் பொறுத்தது. பட்டியலின் உச்சம் 2 கிகாஹெர்ட்ஸ் என்றால், எவ்வளவு விலை கொடுத்த செயலியாலும் 2.1ஐத் தொட முடியாது.

பட்டியலையே நீட்டி மாற்றி எழுதிய கஸ்டம் கெர்னல் போட்டு ஓவர்கிளாக் செய்வது, அதாவது கம்பெனி வைத்த உச்சத்துக்கு மேல் ஓட்டுவது, பழைய சிப்களில் நடந்த காரியம். ஸ்னாப்டிராகன் 845 போன்ற பிந்தைய சிப்களில் வேகமும் அதற்கான வோல்டேஜும் அடங்கிய அட்டவணை சிப்பின் வன்பொருளிலேயே இருக்கிறது. கெர்னல் அதைப் படித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ரூட் இல்லாமலே பிராசசரை வேகப்படுத்துவதாகச் சொல்லும் செயலிகளை ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம். சாதாரணச் செயலிக்கு அந்தக் கோப்புகளில் எழுத அனுமதியே கிடையாது.

கட்டணச் செயலிகளில் காசுக்கு உண்மையில் கிடைப்பது வசதிதான்: ஒவ்வொரு செயலிக்கும் தனி புரொஃபைல், வரைபடம், போன் எழுந்ததும் அமைப்பைத் தானே போட்டுவிடுவது. இதில் பெரும்பகுதியை ஸ்மார்ட்பேக் கெர்னல் மேனேஜர் என்ற திறந்தமூலச் செயலி இலவசமாகத் தருகிறது. முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் போனுக்கு வருவோம். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது என்றால் வேகம் போதுமானதாகவே இருக்கிறது. அதன் பிறகு சூடு ஏறுகிறது. சிப்பைக் காப்பாற்ற போன் தானாகவே வேகத்தை வெட்டுகிறது. கொஞ்சம் ஆறியதும் ஏற்றுகிறது, மறுபடி வெட்டுகிறது. திணறலாகத் தெரிவது இந்த ஏற்ற இறக்கம்தான். உங்களுக்கு வேண்டியது வேகத்தைக் கூட்டுவதல்ல, கொஞ்சம் குறைத்து ஒரே சீராக நிறுத்துவது. அடுத்த கேள்வியில் வழி இருக்கிறது. அதற்கு முன் கேமின் கிராஃபிக்ஸை ஒரு படி இறக்குங்கள், சார்ஜ் போட்டபடி ஆடுவதை விடுங்கள். பல போன்களில் இதுவே போதும்.

கேள்வி: சார்ஜ் நிற்கவும் சூடு குறையவும் பிராசசர் வேகத்தை எவ்வளவு குறைக்கலாம்? எந்த எண்ணை எங்கே மாற்ற வேண்டும்?

எதையும் மாற்றும் முன் போன் இப்போது எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். ரூட் அனுமதி உள்ள ஃபைல் மேனேஜரில் மூல அடைவுக்குப் போய் சிஸ், டிவைசஸ், சிஸ்டம், சிபியு, சிபியுஃப்ரீக் என்று வரிசையாக உள்ளே செல்லுங்கள். 'பாலிசி0', 'பாலிசி4' என்ற மாதிரி அடைவுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கோர்க் கூட்டம் (கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி). ஸ்னாப்டிராகன் 855ஐ எடுத்துக்கொண்டால் பாலிசி0 என்பது நான்கு சிறிய கோர்கள் (உச்சம் 1785600), பாலிசி4 மூன்று பெரிய கோர்கள் (2419200), பாலிசி7 ஒற்றை முதன்மைக் கோர் (2841600). எண்கள் கிலோஹெர்ட்ஸில் இருக்கும். 2841600 என்றால் 2.84 கிகாஹெர்ட்ஸ். மூன்று சைபர் குறைத்து எழுதிவிட்டு, வேலை செய்யவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய.

ஒவ்வொரு பாலிசிக்குள்ளும் 'ஸ்டாட்ஸ்' அடைவில் 'டைம் இன் ஸ்டேட்' என்ற கோப்பு இருந்தால் திறங்கள். வரிக்கு இரண்டு எண். முதலாவது வேகம், இரண்டாவது அந்த வேகத்தில் கழிந்த நேரம், 10 மில்லிசெகண்ட் அலகில். 360000 என்றால் ஒரு மணி நேரம். காலையில் ஒரு நகல், இரவில் ஒரு நகல் எடுத்துக் கழித்தால் அன்றைய கணக்கு வந்துவிடும். கோர் சும்மா தூங்கும் நேரமும் அப்போது நின்றிருந்த வேகத்தின் கணக்கில்தான் சேரும். அதனால் மிகக் குறைந்த வேகத்தில் பெரிய எண் நிற்பது இயல்பு. பார்க்க வேண்டியது உச்ச வேகங்களை: பெரிய கோர்களின் உச்ச மூன்று நான்கு வேகங்களில் எவ்வளவு நேரம் போயிருக்கிறது? நாள் முழுதும் சேர்த்துச் சில நிமிடம்தான் என்றால், வேகத்தைக் குறைத்துப் பெரிய மிச்சம் வராது. சார்ஜைத் தின்பது திரையாகவோ, பலவீனமான சிக்னலாகவோ, பின்னணியில் விழித்திருக்கும் செயலியாகவோ இருக்கும். பேட்டரி செட்டிங்ஸில் தேடுங்கள்.

உச்ச வேகத்தில் நிறைய நேரம் போயிருந்தால் குறைப்பதில் பலன் உண்டு. வேகம் ஏற ஏற சிப்புக்குக் கூடுதல் வோல்டேஜும் வேண்டும், மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். ஓர் உதாரணக் கணக்கு: 2.0 கிகாஹெர்ட்ஸுக்கு 1.0 வோல்ட், 1.6க்கு 0.9 வோல்ட் என்று வையுங்கள். வேகம் 0.8 மடங்கு, வோல்டேஜின் வர்க்கம் 0.81 மடங்கு, பெருக்கினால் 0.65. வேகத்தில் 20 சதவீதம் விட்டுக்கொடுத்து, அந்த நொடியில் எரியும் மின்சாரத்தில் 35 சதவீதம் மிச்சம். ஆனால் வேலை முடிய 1.25 மடங்கு நேரம் ஆகும் என்பதால் மொத்த வேலைக்கான மிச்சம் 19 சதவீதம்தான். அதுவும் பிராசசர் பங்கில் மட்டும். திரைக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லை. சூடு விஷயத்தில் மட்டும் அந்த 35 முழுதாகக் கிடைக்கும். நீண்ட நேரம் கேம் ஆடுவோருக்கு இந்த மாற்றம் அதிகம் பயன்படுவது அதனால்தான்.

மாற்றும் முறை இது. பெரிய கோர்களின் பாலிசிக்குள் 'ஸ்கேலிங் அவைலபிள் ஃப்ரீக்வென்சீஸ்' கோப்பைத் திறந்து பட்டியலை எழுதி வையுங்கள். 'ஸ்கேலிங் மேக்ஸ் ஃப்ரீக்' கோப்பில் இப்போது இருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பட்டியலில் உச்சத்திலிருந்து இரண்டு படி கீழே உள்ள எண்ணை அப்படியே அந்தக் கோப்பில் எழுதுங்கள். ஃபைல் மேனேஜரின் எடிட்டர் இங்கே தகராறு செய்தால் டெர்மினல் செயலியிலோ மேலே சொன்ன கெர்னல் மேனேஜரிலோ செய்யலாம். ஒரு நாள் பயன்படுத்துங்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் இன்னும் இரண்டு படி. கேமரா திறக்கத் தாமதமானாலோ ஸ்க்ரோல் செய்யும்போது தடங்கினாலோ ஒரு படி மேலே ஏற்றி நிறுத்துங்கள்.

சிறிய கோர்களைத் தொடாதீர்கள். பாட்டு ஓடுவது, மெசேஜ் வருவது போன்ற அன்றாட வேலைகள் அவற்றில்தான் நடக்கின்றன. அவற்றைக் கட்டிப்போட்டால் அந்த வேலைகளுக்கும் பெரிய கோர்கள் எழுந்து வரும். சார்ஜ் இன்னும் வேகமாகக் குறையும். 'ஸ்கேலிங் மின் ஃப்ரீக்' என்ற கீழ் வரம்பையும் விட்டுவிடுங்கள்.

இந்தக் கோப்புகள் நினைவகத்தில் மட்டும் இருப்பவை. போனை ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். இதுதான் உங்கள் பாதுகாப்பு. மூன்று நாளாவது ஓட்டிப் பார்க்காமல், போன் எழும்போதெல்லாம் அமைப்பைத் தானே போடும் 'அப்ளை ஆன் பூட்' பொத்தானைத் தொட வேண்டாம்.

கேள்வி: எண்ணை மாற்றினேன். ஐந்து நிமிடத்தில் பழைய எண்ணே திரும்ப வந்து நிற்கிறது. ஏன்?

அந்தக் கோப்பில் எழுதுவது நீங்கள் மட்டுமல்ல. திரையைத் தொட்டவுடன் வேகம் ஏற்றும் கம்பெனியின் பூஸ்ட் சேவையும், சூடு பார்த்து இறக்கும் தெர்மல் சேவையும் அதே கோப்பில் கை வைக்கும். கடைசியாக எழுதியவர் சொல்தான் நிற்கும். எழுதிய பிறகு கோப்பின் அனுமதியை 444 என்று, அதாவது வாசிக்க மட்டும் என்று, மாற்றினால் ரூட் உரிமை இல்லாத சேவைகள் எழுத முடியாது. ரூட் உரிமையோடு ஓடும் சேவையை இது தடுக்காது. மீடியாடெக் சிப் உள்ள பல போன்களில் வேக வரம்பைத் தனி நிர்வாகி ஒன்று கையில் வைத்திருக்கும். அங்கே இந்தக் கோப்பில் எழுதி ஜெயிப்பது கஷ்டம்; மீடியாடெக்கை ஆதரிப்பதாகச் சொல்லும் கெர்னல் மேனேஜர்தான் வழி.

டெர்மினலில் செய்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ரூட் உரிமை கேட்கும் எஸ்யு கட்டளைக்குப் பின்னால், எண்ணை வெளியிடும் எக்கோ கட்டளையை எழுதி, அம்புக்குறி போட்டுக் கோப்புக்குத் திருப்பிவிடுகிறோம். முழுக் கட்டளையும் மேற்கோள் குறிக்குள் இல்லையென்றால் எக்கோ மட்டும் ரூட்டாக ஓடும், கோப்பில் எழுதுவது சாதாரணப் பயனராக நடக்கும். 'பெர்மிஷன் டினைடு' என்று வரும். முதலில் எஸ்யு என்று மட்டும் அடித்து ரூட் ஷெல்லுக்குள் போய்விட்டு, பிறகு எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் போட்டதைவிடக் குறைந்த எண் வந்து நின்றால் அது தெர்மல் சேவையின் வேலை. அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தெர்மலை முடக்கும் மாட்யூல்கள் (ரூட் போனில் ஏற்றும் சிறு இணைப்புகள்) சுலபமாகக் கிடைக்கின்றன. ஆனால் சிப்புக்குப் பக்கத்திலேயே லித்தியம் பேட்டரி இருக்கிறது. பேட்டரி 45 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நிலையில் சார்ஜ் ஏறினால் அதன் ஆயுள் குறையும், உப்பவும் கூடும். கேமில் சில ஃபிரேம் கூடுவதற்காக இந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம்.

கேள்வி: கவர்னர் என்று ஒரு பட்டியல் வருகிறது. பவர்சேவ் போட்டால் சார்ஜ் மிச்சமாகுமா?

ஆகாது. கவர்னர் என்பது வேகத்தை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று முடிவு செய்யும் விதி. பவர்சேவ் என்பது கீழ் வரம்பிலேயே பிராசசரைக் கட்டிவைக்கும். ஒரு நொடியில் முடிய வேண்டிய வேலை ஐந்து நொடி இழுக்கும், அதுவரை திரை எரிந்துகொண்டிருக்கும். பர்ஃபார்மன்ஸ் அதற்கு நேர்மாறு, எப்போதும் மேல் வரம்பு. இரண்டும் சோதனைக்குத்தான் உதவும். வேலையைப் பார்த்து வேகத்தை ஏற்றி இறக்குபவை மற்றவை: பழைய போன்களில் இன்டராக்டிவ், புதியவற்றில் 2016இல் லினக்ஸ் 4.7இல் வந்த ஸ்கெட்யூட்டில். போனோடு வந்தது எதுவோ அதையே வையுங்கள்.

கேள்வி: 'ரூட் செய்தது, ஓவர்கிளாக் செய்தது, செம வேகம்' என்று ஒருவர் பழைய போனை விற்கிறார். விலை குறைவு. எடுக்கலாமா?

ரூட் செய்தது என்பது விலையைக் குறைக்க வேண்டிய காரணம், கூட்ட வேண்டிய காரணம் அல்ல. போனைக் கையில் வாங்கிப் பாருங்கள். 'சிபியுஇன்ஃபோ மேக்ஸ் ஃப்ரீக்' கோப்பில் உள்ள எண்ணும், அந்தச் சிப்புக்கு அதன் கம்பெனி வெளியிட்ட உச்ச வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஓவர்கிளாக் என்பது வெறும் பேச்சு. உண்மையிலேயே கூடுதலாக இருந்தால், அந்தப் போன் கம்பெனி சோதித்த எல்லையைத் தாண்டிச் சூட்டில் ஓடியிருக்கிறது. பேட்டரியும் அதே சூட்டில்தான் இருந்திருக்கிறது. பின்மூடி லேசாக மேலெழுந்திருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம், வாங்காதீர்கள். இருபது நிமிடம் கேம் ஓட்டிப் பார்த்து, தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா என்று கவனியுங்கள்.

உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து பார்க்கவும் கேளுங்கள், ஆனால் பாஸ்வேர்டு எதையும் போடாதீர்கள். பூட்லோடரின் (போன் எழும்போது சிஸ்டத்தை ஏற்றும் நிரல்) பூட்டைத் திறந்த போனில் பல வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும். சாம்சங் போனாக இருந்தால், டவுன்லோட் மோடில் (மென்பொருள் ஏற்றும் திரை) நாக்ஸ் வாரன்டி வரியில் 0x1 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதிகாரப்பூர்வமல்லாத மென்பொருள் அதில் ஏறியிருக்கிறது. அது சிப்புக்குள் எரிந்த ஃபியூஸ், திரும்ப 0 ஆகாது. சாம்சங் பே, செக்யூர் ஃபோல்டர் போன்றவை அதில் இனி கிடைக்காது.

வாங்கியே தீருவதென்றால், முதல் வேலையாகக் கம்பெனியின் மூல மென்பொருளை நீங்களே முழுதாக ஏற்றுங்கள். வெறும் ஃபேக்டரி ரீசெட் போதாது. ரூட் உள்ள போனில் சிஸ்டம் பகுதியில் யாராவது எதையாவது பதுக்கியிருந்தால் ரீசெட் அதைத் தொடாது. மூல மென்பொருள் முழுதாக ஏறி, போன் ஒழுங்காகத் திறந்த பிறகே பூட்லோடரைப் பூட்டுங்கள். மாற்றிய சிஸ்டம் உள்ளே இருக்கும்போது பூட்டினால் போன் எழாமலே போய்விடும்.

கேள்வி: இப்படி மாற்றிப் பார்ப்பதற்கென்றே புதிய போன் வாங்கினால் எதைக் கவனிக்க வேண்டும்?

பூட்லோடரைத் திறக்கக் கம்பெனியே அனுமதி தருகிறதா, கெட்டுப்போனால் திரும்ப ஏற்ற முழு மென்பொருளைப் பொதுவில் தருகிறதா, அந்த மாடலின் கெர்னல் மூலநிரல் வெளியாகியிருக்கிறதா என்று பாருங்கள். கெர்னல் ஜிபிஎல் என்ற திறந்தமூல உரிமத்தில் இருப்பதால் மூலநிரலைத் தர வேண்டியது கடமை, ஆனால் தாமதிப்பவர்களும் உண்டு. கூகுள் பிக்ஸல் இந்த மூன்றிலும் தேறும். அதிலும்கூட சில மொபைல் சேவை நிறுவனங்கள் விற்கும் பிக்ஸல்களில் பூட்லோடர் திறக்காது. பூட்லோடரைத் திறந்தால் உள்ளிருக்கும் எல்லாம் அழியும், வாரன்டி கேள்விக்குறியாகும். ஆகவே போன் வாங்கிய உடனே திறக்காமல், சில வாரம் சாதாரணமாக ஓட்டி, தயாரிப்புக் குறை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு திறங்கள்.

கேள்வி: 'அப்ளை ஆன் பூட்' போட்டேன். போன் லோகோ வரை வந்து மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகிறது. தரவு போகாமல் மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். சேஃப் மோடில் திறங்கள். பல போன்களில் லோகோ அனிமேஷன் ஓடும்போது வால்யூம் குறைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வரும். அங்கே நீங்கள் நிறுவிய செயலிகள் ஓடாது என்பதால் கெர்னல் மேனேஜரும் எதையும் எழுதாது. மேஜிஸ்க் என்ற ரூட் கருவியின் மாட்யூல்களும் அணைக்கப்படும். உள்ளே போனதும் அந்தச் செயலியை நீக்கிவிட்டுச் சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். மேஜிஸ்கின் சர்வீஸ்.டி அடைவில் நீங்களே ஸ்கிரிப்ட் (கட்டளைக் கோப்பு) எழுதி வைத்திருந்தால், கஸ்டம் ரிக்கவரிக்குள் (ஆண்ட்ராய்டு இல்லாமல் தனியாக எழும் மீட்புத் திரை) போய் டேட்டா பகுதியைத் திறந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டும். இனி எழுதும் ஸ்கிரிப்ட்டில் முதல் வரியாக 'ஸ்லீப் 90' போடுங்கள். ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கி ஒன்றரை நிமிடம் கழித்தே எண் மாறும். ஏதாவது தவறாக இருந்தால், அந்த அவகாசத்துக்குள் ஸ்கிரிப்ட்டை அழித்துவிடலாம்.