சூடாக்கினால் எல்லாம் கூடக் கரையுமா?

நிலாவெளியிலிருந்து ஓர் உயர்தர மாணவி: சூடான நீரில் உப்பு கூடக் கரையும், ஆறினால் பளிங்காகப் பிரியும் என்று படித்தோம். அப்படியானால் எங்கள் ஊர் உப்பளத்தில் வெயில் எரிக்கும்போது உப்பு விளைவது எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும், பிள்ளை. படித்தது பிழையல்ல, ஆனால் கறியுப்புக்கு அது பெயரளவிலேயே பொருந்தும். 100 கிராம் நீரில் 0 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 36 கிராம் கறியுப்பு கரையும். 100 பாகையில் 39 கிராம். அவ்வளவுதான் வேறுபாடு. பொற்றாசியம் நைத்திரேற்றைப் பாருங்கள்: 20 பாகையில் சுமார் 32 கிராம், 100 பாகையில் ஏறத்தாழ 246 கிராம்! அதை ஆறவைத்தே பிரித்தெடுக்கலாம். கறியுப்பை அப்படி எடுக்க முயன்றால் கைக்கு வருவது சொற்பம்.

ஆகவே உப்பளத்தில் வெயிலின் வேலை வேறு: நீரை ஆவியாக்குவது. ஒரு லீற்றர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து 35 கிராம் அளவே உண்டு. அந்தக் கடல்நீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக வற்றிய பிறகே கறியுப்பு பளிங்காகத் தொடங்கும். வரண்ட கச்சான் காற்று வீசும் மாதங்கள் இதற்கு ஏன் உகந்தவை என்பது இப்போது விளங்கும். சிப்சம் என்ற கல்சிய உப்பு கறியுப்புக்கு முன்னரே படிந்துவிடும். மகனீசிய உப்புகளோ கடைசிவரை நீரிலேயே நிற்கும். அந்த நீரை வடிக்காவிட்டால் உப்பு கசக்கும், சாடிக்குள் கசியும். வடிக்கும் நேரத்தைக் கண்ணால் அறிகிற உப்பளத் தொழிலாளியிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

மூதூர் வாசகி: ஐஸ் போட்ட தேசிக்காய்த் தண்ணீரில் சீனி அடியிலேயே கிடக்கிறது. குளிர்நீர் சீனியை ஏற்காதா?

நன்றாக ஏற்கும். 0 பாகையிலும் 100 கிராம் நீர் ஏறத்தாழ 180 கிராம் சீனியைக் கரைக்கும். நீங்கள் போட்டது இரண்டு கரண்டி. குளிரில் குறைந்திருப்பது கரையும் வேகம். எவ்வளவு கரையும், எவ்வளவு விரைவில் கரையும் என்பவை இரண்டு வேறு கேள்விகள்; பரீட்சை விடைத்தாள்களிலும் இவற்றைக் குழப்பிப் பலர் புள்ளிகளை இழக்கிறார்கள். சீனியைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, பிறகு ஐஸ் போடுங்கள்.

கிண்ணியா வாசகர்: முற்றத்துத் தொட்டி மீன்கள் நண்பகலில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

உடனே கவனியுங்கள், அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. வாயுக்கள் சூட்டில் குறைவாகவே கரையும். 0 பாகை நன்னீரில் லீற்றருக்கு 14.6 மில்லிகிராம் வரை ஒட்சிசன் தங்கும். 30 பாகையில் அதில் ஏறத்தாழ பாதிதான். சூடு ஏற ஏற மீனின் ஒட்சிசன் தேவையோ கூடும். தொட்டிக்கு நிழல் கொடுங்கள். நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். ஐஸ் கொட்ட வேண்டாம், திடீர்க் குளிரும் மீனைக் கொல்லும்.

உப்புவெளி வாசகர்: வெயிலில் கிடந்த சோடாவைத் திறந்தால் சீறுவது ஏன்?

அதே காரணம்தான், இங்கே தப்புவது காபனீரொட்சைட்டு.

தம்பலகாமம் வாசகி: கிணற்று நீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை. அது அழுக்கா?

இல்லை, பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. நீரில் கரைந்திருந்த கல்சியம் இருகாபனேற்று கொதிக்கும்போது பிரிகையடைந்து, காபனீரொட்சைட்டு வெளியேற, கரையாத காபனேற்று படிகிறது. உடம்புக்குத் தீங்கில்லை, விறகுதான் கூடச் செலவாகும். கொஞ்சம் வினாகிரி விட்டு அரை மணித்தியாலம் ஊறவைத்துக் கழுவுங்கள். வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ச் சாறும் போதும்.