கரி பற்றவைக்க எரிவாயு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: விடுமுறை நாட்களில் மொட்டைமாடியில் கரி அடுப்பு வைத்து மீனும் கோழியும் சுடுகிறோம். மண்ணெண்ணெய் ஊற்றினால் இறைச்சியில் வாடை ஏறிவிடுகிறது. சமையலறை எரிவாயு அடுப்பிலேயே கரியைப் பற்றவைத்து மாடிக்கு எடுத்துச் செல்லலாமா? கையில் பிடிக்கும் பியூட்டேன் டார்ச் வாங்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: எரிவாயுவால் கரியைப் பற்றவைப்பது நல்ல முறைதான், ஆனால் அதை வீட்டுக்குள் செய்யவே வேண்டாம். கனலும் கரி, கண்ணுக்குத் தெரியும் புகை அடங்கிய பிறகும் கார்பன் மோனாக்சைடை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் பிணைந்துகொள்வதால், தலைவலியும் மயக்கமும் வந்த பிறகே பலருக்கு ஆபத்து புரிகிறது. தவிர, உதிரும் கங்கு கண்ணாடி அடுப்பின் மேல்தளத்தை உடைக்கலாம். ரப்பர் குழாயின் மீது விழுந்தால் விளைவு இன்னும் மோசம். எரியும் கரியை ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறுவதையும், குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில், நினைத்துப் பாருங்கள்.

எனவே அடுப்பையே மாடிக்குக் கொண்டுசெல்லுங்கள். 5 கிலோ சிலிண்டரில் இயங்கும் ஒற்றை பர்னர் அடுப்பு போதும். அதன்மேல் வைக்க, ஒரு சாண் அகலமும் ஒன்றரைச் சாண் உயரமும் கொண்ட, அடியில் கம்பிச் சல்லடையும் பக்கத்தில் கைப்பிடியும் உள்ள இரும்புக் குழாய் ஒன்று வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் பட்டறையில் செய்துகொள்ளலாம். ஆனால் துத்தநாகம் பூசிய தகரம் கூடாது, சூட்டில் அந்தப் பூச்சு நச்சுப் புகை விடும். குழாயில் கரியை நிரப்பி, அடுப்பின் மேல் வைத்துப் பர்னரைப் பற்றவையுங்கள். அடிக்கரி பற்றியதும் சூடான காற்று மேலெழுந்து, கீழிருந்து புதிய காற்றை இழுப்பதால், ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் எரிவாயுவை அடைத்துவிட்டு, குழாயை இடுக்கியாலும் தடித்த கையுறையாலும் பிடித்து, இடைவெளிவிட்டு அடுக்கிய செங்கற்களின் மேல் வைத்துவிடலாம். மேல்கரியில் வெண்சாம்பல் பூக்க இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும்; அதுவரை மீனை மசாலாவில் ஊறவிடுங்கள். ஜப்பானில் எளிதில் பற்றாத பின்சோட்டான் கரிக்கென்றே, அடியில் துளையிட்ட கைப்பிடிச் சட்டி உண்டு. ஹியோகோஷி எனப்படும் அதையும் எரிவாயு அடுப்பின் மேல்தான் வைக்கிறார்கள்.

டார்ச்சைப் பொறுத்தவரை, பலரும் ஒரே கரித்துண்டின் மீது சுடரை நிறுத்திவைத்து, அது சிவந்ததும் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். கரி சுமார் 350 டிகிரி செல்சியஸிலேயே பற்றத் தொடங்கும்; டார்ச்சின் சுடரோ அதைவிடப் பல மடங்கு சூடானது. ஆகவே குறைவது வெப்பம் அன்று. தனித்துக் கிடக்கும் கங்கு, தான் உண்டாக்கும் சூட்டைவிட அதிகமாக இழப்பதால்தான் அணைகிறது. கரியை நெருக்கமாகக் குவித்து, குவியலின் அடிப்பகுதியில் மூன்று நான்கு இடங்களில் மாறி மாறிச் சுடரைக் காட்டுங்கள். ஈரம் ஏறிய கரி, உள்ளிருக்கும் நீர் ஆவியாகும்போது வெடித்துத் தெறிக்கும். கண்ணாடியும் மூடிய காலணியும் அணிந்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சைத் தலைகீழாகச் சாய்த்தால் திரவ பியூட்டேன் முனைக்கு வந்து தீ திடீரென்று பெரிதாகும். இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் இரும்புக் குழாயைத்தான் சொல்வேன்.

கேள்வி: எந்தக் கரி எளிதில் பற்றும்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கம் மூட்டம் போட்டு, அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடி எரித்து, எடுக்கும் சீமைக் கருவேலக் கரி காய்ந்திருந்தால் விரைவில் பற்றும், தீப்பொறி மட்டும் சற்று அதிகம். சிரட்டைக் கரி மெல்லிய சில்லுகளாக இருப்பதால் இன்னும் எளிது. மாவுப்பசை சேர்த்து அழுத்திச் செய்த கட்டிகள் மெதுவாகப் பற்றும், ஆனால் நெடுநேரம் சீராக நிற்கும்.

கேள்வி: பாதி பற்றிய கரி மங்கும்போது கொஞ்சம் எரிசாராயம் தெளிக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கூடவே கூடாது. கறுத்துத் தெரியும் கரிக்குள்ளும் கங்கு இருக்கும். அதன்மேல் விழும் எரிசாராயம் உடனே ஆவியாகித் தீப்பிடிக்க, ஊற்றும் தாரையின் வழியே சுடர் உங்கள் கையிலுள்ள புட்டிக்கே தாவிவிடும். கரியை மறுபடியும் ஒன்றாகக் குவித்து, அடியில் படுமாறு விசிறியால் வீசுங்கள். சில நிமிடங்களில் சிவந்துவிடும்.